பாடாங் செராய் வீட்டிலிருந்து பெர்த் நகரக் கணக்கு: ஒரு மெய்நிகர் உதவியாளர் தொழில் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் குறிப்பிட்ட ஒருவர் அல்லர். கெடாவின் கூலிம் மாவட்டத்தில், பாடாங் செராய், லுனாஸ் பக்கம் மெய்நிகர் உதவியாளர் வேலைக்கு, அதாவது வீட்டிலிருந்தே இணையம் வழியாக வெளி நிறுவனங்களுக்கு ஆபீஸ் வேலை செய்து கொடுக்கும் தொழிலுக்கு, வருகிறவர்களின் பொதுவான நிலைமையைக் கணக்குப் போட வசதியாக ஒரே ஆளில் சேர்த்திருக்கிறோம். தொகைகளும் மணிக் கணக்கும் அந்த மாதிரிக்கு உரியவை. சட்டம், கட்டணம், நேர வித்தியாசம் ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

ஆள் இப்படி: வயது 34, எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவம்) வரை படிப்பு, செம்பனைத் தோட்ட ஆபீஸில் எட்டு ஆண்டு கிராணி (எழுத்தர்) வேலை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வேலையை விட்டாயிற்று. கணவர் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இந்தப் பெண்ணுக்கும் அங்கேயே வேலை கிடைக்கும், தொழிற்சாலை பஸ் வாசலுக்கே வரும். ஆனால் 12 மணி நேர ஷிப்டில் இருவரும் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. ஆள் வைத்துப் பார்த்தால் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் பாதி அதற்கே போகும்.

இப்படி இருக்கிறவர்கள் வீட்டு வேலை என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது 'எல்லாம் செய்வேன்' என்ற விளம்பரம்தான்: மின்னஞ்சல், பேஸ்புக் பதிவு, தட்டச்சு, பயண டிக்கெட், எதுவானாலும் சரி என்பது. அந்த வழியில் போகிறவர் மணிக்கு ஐந்து அமெரிக்க டாலருக்கு நல்ல ஆங்கிலம் பேசும் பிலிப்பீன்ஸ்காரரோடு போட்டி போட வேண்டும். அங்கே இது பல ஆண்டுகளாக வேரூன்றிய தொழில். விலையில் அவர்களை வெல்ல முடியாது, வெல்லவும் கூடாது. எங்கள் முடிவு இது: தோட்டக் கிராணிக்கு ஏற்கெனவே கைவந்த ஒரு வேலை இருக்கிறது. அதைத் தேவைப்படும் ஒரே வகை முதலாளிக்கு விற்றால்தான் இது தொழிலாக நிற்கும்.

கையில் இருந்த சரக்கு

தோட்ட ஆபீஸில் கிராணி என்ன செய்கிறார்? காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) யார் வந்தார், யார் வரவில்லை என்பது செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) ஏறுகிறது. மண்டோர் (மேற்பார்வையாளர்) கொடுக்கும் குலை எண்ணிக்கை ஒரு பக்கம், ஆலையின் எடைமேடைச் சீட்டு ஒரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் சம்பள நாளுக்கு முன் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். உரம் எத்தனை மூட்டை ஸ்டோரிலிருந்து போனது, எந்தப் பீல்டுக்குப் போனது என்பதும் அப்படியே. மொத்தத்தில் இது மூன்று தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, அதாவது ஒப்பிட்டு, ஒட்டாததைக் கண்டுபிடிக்கிற வேலை.

ஐந்தாறு பேரை வைத்துக் குழாய் வேலை, மின்சார வேலை எடுத்துச் செய்யும் ஆஸ்திரேலியச் சிறு முதலாளிக்கு இல்லாதது இதுதான். ஆட்கள் வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். வேலைச் சீட்டு, நேரச் சீட்டு, சாமான் கடை பில் ஆகிய மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கும். முதலாளியோ அவர் மனைவியோ இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பில் எழுதுவார்கள். எழுத மறந்த பில்லைப் பற்றி யாரும் புகார் செய்யப்போவதில்லை. பணம் தராத வாடிக்கையாளர் அதை ஏன் நினைவுபடுத்துகிறார்?

ஆகவே நம் மாதிரிப் பெண் கற்க வேண்டியது இரண்டு மென்பொருள்தான். ஒன்று சீரோ, ஆஸ்திரேலியச் சிறு நிறுவனங்களிடையே பரவலாக உள்ள கணக்கு மென்பொருள். இன்னொன்று சர்வீஸ்எம்8, வேலைச் சீட்டையும் ஆட்களின் நேரத்தையும் வைத்திருக்கும் செயலி. தோட்டத்திலோ டவுன் கடைகளிலோ எஸ்.கியூ.எல், யு.பி.எஸ் கணக்கு மென்பொருளைத் தொட்டவருக்குச் சீரோ பயமுறுத்தாது. சீரோவில் கட்டணமில்லாமல் திறக்கும் 'டெமோ கம்பெனி' என்ற பயிற்சிக் கணக்கு உண்டு. என்ன தப்புச் செய்தாலும் 28 நாளில் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதில் ஒரு மாதம் பில் போட்டு, பேங்க் வரவு செலவை ஒட்டிப் பார்த்து, வேண்டுமென்றே தப்பு வைத்துக் கண்டுபிடித்துப் பழகினால் போதும். 800 ரிங்கிட், 1,500 ரிங்கிட் வாங்கும் 'மெய்நிகர் உதவியாளர் சான்றிதழ்' வகுப்புகளை எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை.

ஆஸ்திரேலிய விதிகளில் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் கறாராகத் தெரிய வேண்டும். அங்கே ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி 10 விழுக்காடு. ஜிஎஸ்டி சேர்த்து 82.50 டாலருக்கு மேல் போகும் சாமானுக்கு, ஏபிஎன் என்ற 11 இலக்க நிறுவன எண் உள்ள வரி விலைப்பட்டியல் வேண்டும். 1,000 டாலரும் அதற்கு மேலும் என்றால் வாங்கியவர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. பிஏஎஸ் என்ற காலாண்டு வரி அறிக்கைக்குக் கடைசி நாள் பொதுவாக அக்டோபர் 28, பிப்ரவரி 28, ஏப்ரல் 28, ஜூலை 28. கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த அறிக்கையைத் தயாரிப்பதும், எது ஜிஎஸ்டியில் வரும் என்று ஆலோசனை சொல்வதும், அந்நாட்டின் 2009 வரி முகவர் சேவைச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் மட்டும் செய்யக்கூடியவை. நம்மவர் தாள்களைத் திரட்டலாம், பதியலாம், ஒட்டாததைச் சுட்டிக்காட்டலாம். 'இதை எந்தக் கணக்கில் போடுவது?' என்று முதலாளி கேட்டால், 'உங்கள் முகவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்' என்பதுதான் பதில். வாய்ப்பந்தலில் ஆலோசனை சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஏன் பெர்த்

சிட்னியும் மெல்பர்னும் நமக்கு இரண்டு மணி நேரம் முன்னே. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மூன்று மணி நேரம். அங்கே காலை ஏழரைக்கு ஆட்கள் வேனில் ஏறும்போது இங்கே நாலரை. லண்டன் முதலாளிக்குக் காலை ஒன்பது என்பது நமக்கு மாலை நான்கு அல்லது ஐந்து, அதாவது சமையல், குளியல், வீட்டுப்பாடம் எல்லாம் ஒன்றாக வரும் நேரம். நியூயார்க் என்றால் இரவு விழிக்க வேண்டும். ராத்திரி வேலை ஆறு மாதம் ஓடும், ஏழாவது மாதம் உடம்பு படுத்துவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1இல் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியது. மேற்கு ஆஸ்திரேலியர்கள் கோடைக்கால நேரமாற்றமே வேண்டாம் என்று 2009 பொதுவாக்கெடுப்பில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஆண்டு முழுக்க வித்தியாசம் பூஜ்யம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டேகாலுக்கு உட்கார்ந்தால் அங்கேயும் எட்டேகால்தான். வாடிக்கையாளரைத் தேடும்போது ஊரை முதலில் முடிவு செய்யுங்கள், சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம்.

ஆனால் கெடாக்காரர்களுக்கு ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது, சிலாங்கூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் அது வராது. இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை பெர்த்தில் முழு வேலைநாள். அதுவும் வாரக் கடைசி என்பதால் பில், பணம், புகார் எல்லாம் அன்றைக்கே குவியும். அன்று பிள்ளைகள் இருவரும் வீட்டில். ஞாயிறு அங்கே எல்லாம் மூடிக் கிடக்கும், இங்கே பள்ளி உண்டு.

இதைத் தொல்லையாகப் பார்க்காமல் வேலையைப் பிரித்துப் போட்டால் லாபம் இருக்கிறது. வெள்ளியன்று விடியற்காலை ஒன்றரை மணி நேரம் மட்டும், அவசரத் தகவல்களுக்குப் பதில். ஞாயிறு காலை நான்கு மணி நேரம் போன் இல்லை, தகவல் இல்லை, கேள்வி இல்லை. தாள்களை ஒட்டிப் பார்க்கும் வேலை முழுவதும் அப்போது. திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு நான்கு மணி. கூட்டினால் வாரம் இருபத்தொன்றரை மணி, மாதம் ஏறத்தாழ 93. முதலாளி திங்கள் காலை தேநீர் குடிக்கும்போது வாராந்தரப் பட்டியல் அவர் மின்னஞ்சலில் இருக்கும். ஞாயிறு வேலை செய்வதற்காக அவர் கூடுதலாக எதுவும் தர வேண்டியதில்லை, நமக்கும் அது விடுமுறை நாள் இல்லை. இந்த ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வீடியோ அழைப்பு வந்து, பின்னால் பிள்ளைகள் சண்டை போட்ட பிறகு விளக்கம் சொன்னால் எடுபடாது.

கருவியும் கம்பியும்

எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 அல்லது அதற்கு மேற்பட்ட, அலுவலகங்களில் கழித்துவிட்ட மடிக்கணினி போதும். அதற்கும் பழையது வேண்டாம்: விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நினைவகம் 16 ஜிபி. 8 ஜிபியில் சீரோ, சர்வீஸ்எம்8, மின்னஞ்சல், அழைப்பு நான்கையும் சேர்த்துத் திறந்தால் கணினி திணறும். பழைய 24 அங்குலத் திரை ஒன்று கட்டாயம் வேண்டும். இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் தொழிலே என்பதால், இந்தத் திரையில் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். கம்பியுள்ள யுஎஸ்பி ஹெட்செட்டும் சேர்த்து மொத்தம் 2,400 ரிங்கிட்டுக்குள் முடிக்கலாம்.

இணையத்தில் பார்க்க வேண்டியது பதிவேற்ற வேகம். விளம்பரத்தில் வருவது பதிவிறக்க வேகம், வீடியோ அழைப்பு உடைவது பதிவேற்றத்தில். 4 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் அழைப்புக்குப் போதும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் பைபர் இருக்கும். தோட்டத்து லயத்தில் பல இடங்களில் இராது, 4ஜி ரௌட்டர்தான். அப்படியானால் சிம் வாங்குவதற்கு முன், தெரிந்தவர்களின் கைப்பேசிகளை இரவல் வாங்கி, காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு ஒன்பது என மூன்று நேரத்தில், வேலை செய்யப்போகும் அதே மூலையில் நின்று வேகத்தைச் சோதியுங்கள். வாசலில் நாலு கோடு காட்டும், அடுப்படிப் பக்கம் ஒன்று காட்டும். மாற்று சிம் வேறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். அப்போதும் இரண்டும் ஒரே கோபுரத்தில் தொங்கினால் ஒன்றாகவே போகும், அதனால் மின்தடை நேரத்தில் ஒருமுறை சோதித்து வையுங்கள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் 2023 முதல் மலேசியாவில் உண்டு. ஆனால் தொடக்கத்திலேயே அந்த மாதச் செலவை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

மின்சாரம் போனால் மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி உண்டு, ரௌட்டருக்கும் பைபர் மோடத்துக்கும் கிடையாது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20 வாட் இழுக்கும். மின்தடையில் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டியான 650 விஏ யுபிஎஸ்ஸில் உள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவதையும் பேட்டரி வயதையும் கழித்தால் ஒன்றரை மணி நேரம் நம்பலாம். அதில் திரையையோ பிரிண்டரையோ செருகினால் அந்த நேரம் வெகுவாகக் குறையும். நம் வெக்கையில் அந்தப் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுதான் தாங்கும். இடி வேறு விஷயம்: பைபர் கம்பியில் மின்னல் வராது, அடாப்டர் வழியாக வரும். வானம் கறுத்தால் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்குவதுதான் பாதுகாப்பு. துத்தநாகக் கூரையில் மழை கொட்டும்போது எந்த ஹெட்செட்டும் உதவாது. இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடிப்பதால், அழைப்புகள் எல்லாவற்றையும் பகல் ஒரு மணிக்குள் முடிக்கும்படி அட்டவணை போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதல் வாடிக்கையாளர்

அப்வொர்க் போன்ற இணைய வேலைத் தளத்தில் தொடங்குவதற்கு ஒரே நல்ல காரணம் பணப் பாதுகாப்பு. மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் அவர்கள் செயலி பத்து நிமிடப் பிரிவுகளாகத் திரைப் படம் எடுத்துப் பதிவு செய்யும். அப்படிப் பதிவான மணிகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு, கையால் எழுதிச் சேர்த்த மணிகளுக்கு இல்லை. வாரம் முடிந்து ஏறத்தாழ பத்து நாளில் பணம் எடுக்கலாம். 2025 மே முதல் அவர்கள் கழிவு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறி 15 விழுக்காடு வரை போகிறது. அங்கே கிடைத்த வாடிக்கையாளரை இரண்டு ஆண்டுக்குள் வெளியே இழுத்துக்கொண்டு போனால் கணக்கே முடக்கப்படும். முறையாக வெளியே வரக் கட்டணம் உண்டு.

விண்ணப்பம் எழுதும்போது 'அன்புள்ள ஐயா, நான் கடின உழைப்பாளி' என்று தொடங்கினால் யாரும் படிப்பதில்லை. நம் மாதிரிப் பெண் எழுத வேண்டியது நாலு வரி: ஆறு ஆட்களின் நேரச் சீட்டையும் சாமான் பில்லையும் வேலைச் சீட்டோடு வாரம் ஒருமுறை ஒட்டிப் பார்த்து, பில் போகாத வேலைகளின் பட்டியல் தருவேன்; பெர்த் நேரம்தான் என் நேரம்; மாதிரிப் பட்டியல் இணைத்திருக்கிறேன்; முதல் வாரம் ஐந்து மணி நேரச் சோதனை, கட்டணத்துடன். மாதிரிப் பட்டியலை டெமோ கம்பெனியில் செய்த கற்பனைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். பழைய முதலாளியின் தாளைக் காட்டுகிறவரை அடுத்த முதலாளி எப்படி நம்புவார்? இலவசச் சோதனை வேலை கேட்கிறவர்களை விட்டுவிடலாம். அவர்களில் பலர் பத்துப் பேரிடம் ஆளுக்கு ஒரு பகுதியாக வாங்கி வேலையை முடித்துக்கொள்கிறவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

வேலையின் மையம் இதுதான் என்பதால் கிட்டத்தில் பார்ப்போம். சர்வீஸ்எம்8இல் போன வாரம் முடிந்ததாகக் குறித்த வேலைகள் 31 என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்த 31க்கும் சீரோவில் விலைப்பட்டியல் இருக்கிறதா என்று எண்ணைப் பார்த்து ஒட்டுவது. 28க்கு இருக்கிறது. மிச்சம் மூன்றில் ஒன்று உத்தரவாதத்தில் திரும்பச் செய்த வேலை, பில் கிடையாது. ஒன்று முதலாளியின் மச்சான் வீடு, கேட்டுத்தான் ஆகவேண்டும். மூன்றாவது மறந்தது.

அடுத்து ஆட்களின் நேரம். ஒருவர் செவ்வாய்க்கிழமை எட்டு மணி நேரம் சம்பளத்துக்கு எழுதியிருக்கிறார், வேலைச் சீட்டுகளில் கூட்டினால் ஐந்தே கால். மிச்ச நேரம் எங்கே? பயணமா, கடைக்குப் போனாரா, சீட்டில் அழுத்த மறந்தாரா? குற்றம் சாட்டுகிற தொனியில் கேட்காமல், நாள், வேலை எண், வித்தியாசம் ஆகிய மூன்றையும் மட்டும் எழுத வேண்டும்.

பணம் அதிகமாக ஒழுகுவது கடைசிப் படியில்தான், சாமான் பில்லில். கடை பில்லில் மிக்சர் குழாய் மூன்று, வேலைச் சீட்டில் இரண்டு. மூன்றாவது குழாய் வேனில் கிடக்கலாம், அல்லது வியாழக்கிழமை இன்னொரு வீட்டில் பொருத்தப்பட்டு அந்த வீட்டு பில்லில் ஏறாமல் போயிருக்கலாம். அதே ஆளின் வியாழக்கிழமைச் சீட்டுகளில் உள்ள புகைப்படங்களைப் பார்த்தால் குழாய் தெரியும். 180 டாலர் பொருள் அது. மாதம் இப்படி நாலு கிடைத்தாலே நம் கட்டணம் அவருக்குக் கட்டுப்படியாகிவிடும். குலைக் கணக்கும் எடைச் சீட்டும் ஒட்டாதபோது எந்த லோரியில் தேடுவது என்று தெரிந்தவருக்கு இந்தத் தேடல் புதிதல்ல.

முதல் மாதத்திலேயே இவை எல்லாவற்றுக்கும் ஒரு வேலைக்குறிப்பு எழுதி முதலாளியிடமும் ஒரு படி தர வேண்டும்: எப்போது தொடங்குவது, எந்தத் திரையில் எதை அழுத்துவது, எந்தத் தொகைக்கு மேல் நிறுத்திக் கேட்பது. எழுதிக் கொடுத்துவிட்டால் நம்மை நீக்கிவிடுவார்களே என்று பயந்து பலர் எழுதுவதில்லை. நடப்பது வேறு: குறிப்பு இல்லாத இடத்தில், ஒரு காய்ச்சலில் மூன்று நாள் விழுந்தால் அத்தனையும் நின்று, அதன் பிறகுதான் வேறு ஆள் தேடுகிறார்கள்.

விலை

கீழ் எல்லையை முதலில் கணக்கிடுங்கள். வீட்டுக்கு மாதம் 2,500 ரிங்கிட் வேண்டும், தொழில் செலவு 330. மொத்தம் 2,830ஐ பில் போடக்கூடிய 90 மணியால் வகுத்தால் 31.40 ரிங்கிட். ஆஸ்திரேலிய டாலர் 2.75 ரிங்கிட் என்று வைத்தால் 11.40 டாலர். அதற்குக் கீழ் வரும் எதையும் வேண்டாம் என்று சொல்ல மனம் இருக்க வேண்டும். முதல் வாடிக்கையாளருக்கு மாதம் 60 மணி, 12 டாலர். இரண்டாமவருக்கு 30 மணி, 14 டாலர். ஆக 720ம் 420ம் சேர்ந்து 1,140 டாலர், 3,135 ரிங்கிட். பில் போட முடியாத நேரம், அதாவது விலைப்பட்டியல் எழுதுவது, கேள்வி கேட்டுக் காத்திருப்பது, புதிதாகப் படிப்பது, மாதம் 25 மணியாவது வரும். செலவு போக 2,800 சொச்சத்தை 115 மணியால் வகுத்தால் மணிக்கு 24 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேல். குறைந்தபட்சச் சம்பளத்தின் மணிக் கணக்கு 8.72 ரிங்கிட்.

மணிக்கணக்கில் தொடங்கினாலும் மூன்றாம் மாதத்துக்குள் மாதக் கட்டணத்துக்கு மாறிவிட வேண்டும். முன்பணமாக மாதத் தொடக்கத்தில் வாங்குவது, பயன்படுத்தாத மணிகளில் ஐந்து மட்டும் அடுத்த மாதத்துக்குப் போவது, ஏழு நாள் தாமதமானால் வேலை நிற்பது, இரு தரப்புக்கும் 30 நாள் முன்னறிவிப்பு. இதில் கறாராக இருக்க ஒரு காரணம் டிசம்பர். ஆஸ்திரேலியக் கட்டுமானத் தொழில் கிறிஸ்துமஸிலிருந்து இரண்டு மூன்று வாரம் மூடிவிடும். மணிக்கணக்கில் இருந்தால் அந்த வாரங்களில் வருமானம் பூஜ்யம். 2026 முதல் நம் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. சீருடை, காலணி, புத்தகப்பை, வேன் காசு எல்லாம் சரியாக அந்த நேரத்தில் வந்து நிற்கும். தீபாவளிக்கும் இதே கவனம் வேண்டும். அது அக்டோபர் 28 பிஏஎஸ் தேதியை ஒட்டியே பல ஆண்டுகளில் வருகிறது. 2025இல் அக்டோபர் 20. தீபாவளி என்றைக்கு என்று பெர்த் முதலாளிக்குத் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதியைச் சொல்லி, காலாண்டுத் தாள்களை அதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துத் தர வேண்டும்.

பணம் வாங்க, வைஸ் என்ற பணமாற்று நிறுவனத்தின் கணக்கில் ஆஸ்திரேலிய வங்கி எண்ணைப் பெற்றுக்கொண்டால் வாடிக்கையாளருக்கு அது உள்ளூர்ப் பணமாற்றம் போலத்தான். ரிங்கிட்டாக மாற்ற ஆகும் செலவு பொதுவாக ஒரு விழுக்காட்டுக்குக் கீழ். பேபாலில் வாங்கும் கட்டணத்தையும் நாணய மாற்று விகிதத்தில் அவர்கள் பிடிப்பதையும் சேர்த்தால் பல மடங்கு போகும். நம் விலைப்பட்டியலில் ஜிஎஸ்டி சேர்க்கக் கூடாது. ஏபிஎன் தராதவருக்கு 47 விழுக்காடு பிடித்துக்கொள்ளும் விதி அங்கே உண்டு என்பதால் அவர்கள் கணக்கர் கேள்வி கேட்கலாம். வேலை முழுவதும் மலேசியாவில் நடக்கிறது, ஆஸ்திரேலியாவில் தொழில் இல்லை என்று, அதற்கென உள்ள வழங்குநர் அறிக்கையை நிரப்பிக் கொடுத்தால் தீரும்.

வழுக்கும் இடங்கள்

மிக ஆபத்தானது வங்கி எண் மாற்றம். சாமான் கடையிலிருந்து வந்தது போலவே ஒரு மின்னஞ்சல்: 'எங்கள் வங்கி மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்பவும்.' முகவரியில் ஓர் எழுத்துத்தான் வேறாக இருக்கும். சில சமயம் அதுகூட வேறாக இராது. கடையின் அஞ்சல் பெட்டியையே யாரோ திறந்திருப்பார்கள். உதவியாளர் எண்ணை மாற்றிவிட்டால் எட்டாயிரம் டாலர் ஒரே நாளில் காணாமல் போகும். விதி ஒன்றுதான்: வங்கி எண்ணை நாம் மாற்றுவதில்லை. முதலாளி, பழைய பில்லில் உள்ள தொலைபேசி எண்ணில் கடையைக் கூப்பிட்டு உறுதி செய்து, தானே மாற்ற வேண்டும். இதற்காகவே சீரோவில் வரைவு பில் மட்டும் போடும் அளவுக்குக் குறைந்த அனுமதி கேட்டு வாங்குங்கள். அதிக அனுமதி கௌரவம் போலத் தோன்றும், பணம் தொலையும் நாளில் நம்மைத்தான் முதலில் கேட்பார்கள். முதலாளியின் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் வாங்காமல், நம் பெயரில் தனிப் பயனராகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று மெல்ல வருகிறது. 'இந்த பேஸ்புக் பதிவையும் போட்டுவிடு', 'என் மகனுக்கு விமான டிக்கெட் பார்.' மறுக்கச் சங்கடமாக இருக்கும். மறுக்கவும் வேண்டாம். 'செய்கிறேன். இந்த மாத 60 மணியில் இது மூன்று மணி எடுக்கும். எதைத் தள்ளி வைக்கட்டும்?' என்று கேட்டால் பாதிக் கோரிக்கை தானே மறையும்.

இதே தொல்லை வாசல் பக்கமிருந்தும் வரும். வீட்டில் கணினியும் பிரிண்டரும் இருப்பது லயம் முழுக்கத் தெரிந்துவிட்டால், 'தங்காச்சி, இந்த எஸ்டிஆர் (அரசாங்க உதவித்தொகை) பாரத்தை மட்டும் போட்டுக் கொடு, அஞ்சு நிமிஷம்தான்' என்று காலை பத்து மணிக்கு ஆள் நிற்பார்கள். அண்டை வீட்டுக்காரர்களை விரட்ட முடியாது. 'அக்கா, ரெண்டு மணிக்கு மேல வாங்க, உக்காந்து போட்டுத் தரேன்' என்று முதல் நாளே சொல்லிப் பழக்க வேண்டும். வீட்டிலிருப்பவள் சும்மாதான் இருக்கிறாள் என்ற எண்ணம் உறவுக்காரர்களிடம் மாற, முதல் ஆண்டு முழுவதும்கூட ஆகலாம்.

மோசடி விளம்பரங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வேலை தரப் பணம் கேட்பது, டெலிகிராமில் 'டாஸ்க்' என்பது, உங்கள் வங்கிக் கணக்கில் வரும் பணத்தை வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்வது மூன்றுமே பொறி. கடைசி வகையில் நீங்களே கழுதைக் கணக்குக் குற்றவாளி ஆவீர்கள். பணம் போய்விட்டால் உடனே 997 என்ற மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிடுங்கள்.

பதிவும் வரியும்

தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60, அவர்களின் ஈஸிபிஸ் (EzBiz) தளத்தில் இணையத்திலேயே முடியும். பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் வரி இல்லை என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். வேலை இங்கே நடப்பதால் இது மலேசிய வருமானம். ஆண்டு நிகர வருமானம் ஏறத்தாழ 33,700, தனிநபர் விலக்கு 9,000 போக 24,700. முதல் 20,000க்கு 150 ரிங்கிட், மிச்சத்துக்கு 3 விழுக்காடாக 141. வரி 291 வருகிறது, 35,000க்குக் கீழ் உள்ளவர்களுக்கான 400 ரிங்கிட் தள்ளுபடியில் அது பூஜ்யமாகிவிடும். கட்ட ஒன்றும் இல்லையென்றாலும் ஜூன் 30க்குள் பாரம் பி என்ற வருமான வரிப் படிவத்தை அனுப்புங்கள். சம்பளச் சீட்டு இல்லாத உங்களிடம் நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ காடிக் கடனுக்கோ வங்கி கேட்பது அந்தப் பாரத்தையும் ஆறு மாத வங்கி அறிக்கையையும்தான். ரசீதுகள் ஏழு ஆண்டு இருக்க வேண்டும்.

இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால், 2025 முதல் நாம் போடுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்க்கிறது. ஆண்டுக்கு 2,500 போட்டால் முழுத் தொகையும் கிடைக்கும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் சுயதொழில் திட்டத்தில் இரண்டாம் பிரிவு ஆண்டுக்கு 232.80 ரிங்கிட். இல்லத்தரசிகளுக்கான 120 ரிங்கிட் திட்டம் தனி.

இரண்டாம் ஆண்டு

ரசீதைப் படம் பிடித்தால் தானே படித்துப் பதியும் வசதி சீரோவோடு வரும் ஹப்டாக்கில் ஏற்கெனவே உண்டு. தட்டச்சு மட்டும் செய்கிறவரின் மணிகள் ஆண்டுக்கு ஆண்டு குறையும். படித்தது சரியா, மூன்றாவது குழாய் எங்கே என்று கேட்கிற வேலைக்கு இன்னும் ஆள் வேண்டும். அதனால் கட்டண உயர்வைக் கேட்கும்போது உழைத்த மணிகளைக் காட்டாமல், ஓராண்டில் கண்டுபிடித்த பில் போகாத தொகைகளின் பட்டியலைக் காட்டுங்கள். 60 நாள் முன்னறிவிப்போடு 12 டாலரை 14 ஆக்கலாம்.

மூன்றாவது வாடிக்கையாளர் வந்தால் சொந்த மணிகள் போதாது. பழைய ஆபீஸ் தோழி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் யோசனை அப்போது வரும். மணிக்கு 18 ரிங்கிட் கொடுத்து 14 டாலருக்கு, அதாவது 38.50 ரிங்கிட்டுக்கு, பில் போட்டால் 20 மிச்சம் போலத் தெரியும். அவர் ஐந்து மணி செய்ததைச் சரிபார்க்க ஒரு மணி வேண்டும், முதல் இரண்டு மாதம் இரண்டு மணி. அந்த நேரத்துக்கும் 38.50 போட்டுக் கழித்தால் மணிக்கு 12.80 ரிங்கிட், தொடக்கத்தில் ஐந்து ரிங்கிட்டைக் கொஞ்சம் தாண்டும். வாடிக்கையாளரின் எழுத்து ஒப்புதலும் தோழிக்கென்று தனிப் பயனர் பெயரும் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. தோழி உங்கள் நேரப்படி, உங்கள் உத்தரவுப்படி வேலை செய்கிற நிலை வந்துவிட்டால் சட்டப்படி அவர் தொழிலாளி, இபிஎஃப்பும் சொக்சோவும் உங்கள் பொறுப்பு. மாதம் 40 மணிக்குக் குறைவான வேலைக்கு இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது. அதுவரை மூன்றாமவரைக் காத்திருப்போர் பட்டியலில் வைப்பதே எங்கள் பரிந்துரை.